பேசும் பொருள்களும் காக்கும் கல்வியும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் சிறந்து விளங்குவதே வழக்கம். இவ்வாண்டு சங்கத்தார் பல்கலைக்கழக ஆசிரியன் ஒருவனை அழைத்து, அவன் வகுப்பறையில் கற்பிக்கும் பாடத்தைப் பற்றியே பேசுமாறு பணித்திருக்கின்றனர். பண்ணும் பாட்டும் கேட்க வந்தவர்களுக்குப் பாடம் நடத்துவது முறையா என்று முதலில் தயங்கினேன். எனினும் இப்பாடம் இக்காலனியிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவது என்பதை எண்ணியபோது அத்தயக்கம் நீங்கியது.

நாம் பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்தவர்கள். நம்மிற் பலருடைய பெற்றோர் ஊரிலே தனித்து வாழ்கின்றனர். அவர்கள் நலத்தை அறிவதற்காக அவ்வீட்டுக் கூடத்தில் ஒரு கேமராவைப் பொருத்தி வைத்திருக்கிறோம். இரவில் கைப்பேசியைத் திறந்து, அம்மா மருந்து உண்டாரா, அப்பா படுத்துவிட்டாரா என்று இங்கிருந்தே பார்த்து மனநிறைவு அடைகிறோம். அன்பின் காரணமாகப் பொருத்திய அந்தக் கண்ணாடிக் கண்ணின் வழியே நாம் மட்டுமே பார்க்கிறோமா? வேறு எவரேனும் பார்க்க இயலுமா? அக்கேமரா நமக்குத் தெரியாமல் வேறு ஏதேனும் வேலை செய்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணும் துறையே நான் கற்பிக்கும் துறை. ‘பொருள்களின் இணையம்’ என்று அதன் களத்திற்குப் பெயர். அக்களத்தில் பாதுகாப்பு என்பது என் பாடம். அப்பாடத்தைக் கணினி மாணவர்க்கு மட்டுமன்றி, சட்டம், மருத்துவம், வணிகம், சமூகவியல், இலக்கியம் பயிலும் மாணவர் அனைவர்க்கும் கற்பிக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

முதலில் பொருள்களின் இணையம் என்பது யாது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கணினியும் கைப்பேசியும் மட்டுமே இணையத்தில் பேசிக்கொண்டிருந்த காலம் போய், கேமரா, கதவுப் பூட்டு, மின் அளவி, கைக்கடிகாரம், குழந்தையின் பொம்மை, நோயாளியின் நெஞ்சில் பொருத்திய கருவி ஆகியனவும் பேசத் தொடங்கிய நிலையே அது. இதன் தொடக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1982-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையினர், தங்கள் கட்டடத்திலிருந்த கோக்கோ கோலா விற்கும் எந்திரத்தைக் கணினியோடு இணைத்தனர். நெடுந்தொலைவு நடந்து சென்று பார்த்தால் எந்திரம் வெறுமையாய் இருக்கும். அல்லது புட்டி குளிர்ந்திராது. ஆதலின் இருந்த இடத்திலிருந்தே அதன் நிலையை அறிய ஒரு வழி செய்தனர். பின்னர் 1999-இல் கெவின் ஆஷ்டன் என்பவர் தம் உரை ஒன்றிற்குத் தலைப்பாக இட்ட தொடரே ‘பொருள்களின் இணையம்’ என்னும் பெயராக நிலைத்தது.

அந்தக் கோக்கோ கோலா எந்திரத்திற்குப் பூட்டு வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. புட்டி குளிர்ந்திருப்பதை அயலார் ஒருவர் அறிவதால் யாருக்கு என்ன கேடு? ஆனால், அதே எளிய மனப்பான்மையோடு கூடத்துக் கேமராவையும் குழந்தையின் பொம்மையையும் செய்து விற்றபோதுதான் இடர் விளைந்தது.

அவ்விடர் உலகறிய வெளிப்பட்ட ஆண்டு 2016. ‘மிராய்’ என்னும் தீநிரல் ஒன்று அவ்வாண்டில் தோன்றியது. மிராய் என்றால் ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று பொருள். அது செய்த வேலை மிக எளியது. இணையத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுபோல், கேமரா, ரவுட்டர் முதலிய கருவிகளைத் தேடிச் சென்று, ஏறத்தாழ 60 பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. ‘அட்மின்’ என்னும் பெயருக்கு ‘அட்மின்’ என்றே கடவுச்சொல், அல்லது ‘1234’. இவையெல்லாம் ஆலையிலிருந்து வரும்போதே கருவிகளில் இட்டு அனுப்பப்பட்டவை. வாங்கியவர்கள் மாற்றவில்லை, சில கருவிகளில் மாற்றவும் இயலாது. இவ்வாறு உச்ச நிலையில் ஏறத்தாழ 6,00,000 கருவிகள் அந்நிரலின் ஆட்சிக்குள் வந்தன. அவையனைத்தையும் ஒரே நேரத்தில் ஓரிடத்தை நோக்கித் திருப்பினால், திருவிழாக் கூட்டம் ஒரு சிறு வாயிலில் நெருங்கியதுபோல் அவ்விடம் செயலற்றுவிடும்.

2016 செப்டம்பர் இறுதியில் அந்நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதன்பின் அது யார் கைக்கும் எட்டும் கருவியாயிற்று. அக்டோபர் 21-ஆம் நாள் ‘டின்’ என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. இணையதளங்களின் பெயரைக் கேட்டு அவற்றின் எண்முகவரியைக் கூறும் வேலையைச் செய்தது அந்நிறுவனம். தொலைபேசிக் கையேடு போன்றது என்று கொள்ளலாம். கையேடு கிடைக்காமையால், ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் நன்னிலையில் இருந்தும் பலரால் பல மணி நேரம் அவற்றை அடைய இயலவில்லை.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளை என் மாணவர்க்கு நான் அழுத்திக் கூறுவதுண்டு. ஒன்று, கேமராவின் உரிமையாளருக்கு யாதொரு குறையும் தோன்றவில்லை என்பது. அவர் வீட்டில் கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருந்தது. அடி விழுந்தது வேறு கண்டத்தில் உள்ள வேறொருவர்க்கு. தமக்கு நோவு இல்லாததால் உரிமையாளர் மருந்து தேடவில்லை. வாங்குபவர் கேட்காததால் விற்பவர் பூட்டுச் செய்யவில்லை. இது கணினிக் கணக்கு அன்று, பொருளியல் கணக்கு. ஒருவர் செலவை மிச்சப்படுத்த மற்றொருவர் இழப்பைச் சுமக்கும் நிலையைப் பொருளியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஆற்றில் கழிவை விடும் ஆலைக்கும் பூட்டில்லாக் கேமராவிற்கும் அவ்வகையில் வேறுபாடு இல்லை.

மற்றொன்று, மிராயை இயற்றியவர்கள் இருபது வயதையொட்டிய இளைஞர் மூவர் என்பது. அவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கணினி விளையாட்டுச் சர்வர்களை நடத்துவோரிடையே எழுந்த போட்டியிலும் பணவேட்கையிலும் பிறந்த செயல் அது. 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2018-இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சிறையினை விதிக்காமல், 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப்பணியும் விதித்தது. அவர்கள் காவல்துறைப் புலனாய்விற்குத் துணைபுரிந்தமை அதற்குக் காரணம். அவ்விளைஞர்களிடம் திறமை குறைவாக இருந்தது என்று எவரேனும் கூற இயலுமா? கணினிக் கல்வி நிறையவே இருந்தது. தாம் இயக்கும் ஒவ்வொரு கருவியும் ஒருவர் வீட்டின் கூடத்தில் இருக்கிறது என்னும் உணர்வு மட்டுமே இல்லை. அவ்வுணர்வை ஊட்டாத கல்வி, திறமையை வளர்க்க வளர்க்க இடரையும் உடன் வளர்க்கும்.

அன்பர்களே! பாதுகாப்பு என்றவுடன் அது கணினித் துறையின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடுவது உலக வழக்கம். அவ்வழக்கம் எத்துணைப் பிழையானது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன்.

2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்துத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அபாட் நிறுவனத்தின் சில வகை இதயமுடுக்கிகளில், தகுதியில்லாத ஒருவர் அண்மையிலிருந்து கட்டளையிடக்கூடிய குறை இருப்பதாகவும், அதற்குத் திருத்திய மென்பொருள் ஆயத்தமாக இருப்பதாகவும் அது கூறியது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,65,000 கருவிகள் மனிதர் நெஞ்சுக்குள் இருந்தன. எவருக்கும் அதனால் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி இல்லை. திருத்தத்தை ஏற்ற அறுவை வேண்டுவதில்லை. மருத்துவமனைக்கு வந்தால் ஏறத்தாழ 3 நிமிடம் போதும். ஆயினும் அந்த 3 நிமிடமும் கருவி தன் வழக்கமான வேலையை நிறுத்தி, நிமிடத்திற்கு 67 துடிப்பு என்னும் காப்பு நிலையில் இயங்கும். மிகமிக அரிதாகத் திருத்தம் பழுதாகவும் கூடும். திருத்துவதா, விடுவதா?

இதனை நான் வகுப்பில் கூறியபோது, பொறியியல் மாணவர் அனைவரும் ஒரே குரலில் ‘திருத்த வேண்டும்’ என்றனர். செவிலியர் கல்வி பயிலும் மாணவி ஒருவர் எழுந்து, ‘முடுக்கியின் துணையின்றி இதயம் துடிக்காத நோயாளியாக இருந்தால், அந்த 3 நிமிடமும் அவர் அருகில் யார் இருப்பார்? என்ன கருவியோடு இருப்பார்?’ என்று வினவினார். வகுப்பு அமைதியாயிற்று. உண்மையில், அத்தகைய நோயாளிகளுக்குத் தற்காலிக முடுக்கி ஆயத்தமாக உள்ள இடத்திலேயே இத்திருத்தத்தைச் செய்வது பற்றிக் கருதவேண்டும் என்றும், நோயாளியும் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யவேண்டும் என்றும் அறிவுரை கூறப்பட்டிருந்தது. அம்மாணவி நிரல் எழுத அறியாதவர். ஆயினும் அன்று பாதுகாப்பின் உயிர்நிலையான வினாவை எழுப்பியவர் அவரே.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஒரு பொம்மை. ‘கேய்லா’ என்னும் பெயருடைய அப்பொம்மை குழந்தையின் பேச்சைக் கேட்டு இணையத்தின் துணையோடு விடை கூறும். அருகில் இருக்கும் எவரும் தம் கைப்பேசியை அதனோடு இணைத்து, குழந்தை பேசுவதைக் கேட்கலாம்; குழந்தையோடு பேசவும் செய்யலாம். இணைப்பைத் தடுக்கும் எண் எதுவும் அதில் இல்லை. 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை நிறுவனம் அப்பொம்மையைத் தடை செய்து, வைத்திருக்கும் பெற்றோர் அதனை அழித்துவிடுமாறு கூறியது. எந்தச் சட்டத்தின்படி என்று எண்ணுகிறீர்கள்? அன்றாடப் பொருள் போலத் தோற்றமளித்து உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்து வைப்பதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் முன்பே இருந்தது. ஒற்றர் கருவிக்கு உரிய அச்சட்டம் பொம்மைக்கும் பொருந்தும் என்று கண்டது சட்ட அறிவு. பொம்மையைத் திருத்த வல்ல பொறியாளர் உலகில் பலர் இருந்தும், கடையிலிருந்து அதனை அகற்றியது ஒரு சட்டப் பிரிவே.

மூன்றாவது, என் மாணவர் மிக விரும்பிக் கேட்பது. ஓட்டப் பயிற்சி செய்வோர் கையில் அணியும் கருவிகளும் கைப்பேசிகளும் தாம் சென்ற வழியைப் பதிவு செய்வதை அறிவீர்கள். அவ்வாறு சேர்ந்த பதிவுகளைத் திரட்டி, ‘ஸ்ட்ராவா’ என்னும் நிறுவனம் 2017 நவம்பரில் ஓர் உலகப் படத்தை வெளியிட்டது. பலர் ஓடிய வழி ஒளிக்கோடாகத் தெரியும். தனி ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஆகலின் தீங்கில்லை என்று எண்ணினர். 2018 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் பன்னாட்டுப் பாதுகாப்பு அரசியல் பயின்று வந்த 20 வயது மாணவர் ஒருவர் அப்படத்தைப் பார்த்தார். இருண்ட பாலைவனத்தின் நடுவே சிறு சிறு ஒளிவட்டங்கள் தெரிந்தன. அங்கு ஊரும் இல்லை, பூங்காவும் இல்லை. அவ்வாறாயின் காலையும் மாலையும் வட்டமிட்டு ஓடுபவர் யாவர்? படைவீரர்கள்! வெளிநாட்டுப் படைத்தளங்களின் உருவமும் வீரர் நடமாடும் வழியும் அப்படத்தில் வெளிப்பட்டிருந்தன. இதனை உலகறியச் செய்த அவ்விளைஞர் கணினி மாணவர் அல்லர். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. எந்தக் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. நிலப்படத்தையும் அரசியலையும் ஒருங்கே படிக்கத் தெரிந்த கண் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவே.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் உண்மை ஒன்று. பொருள்களின் இணையத்தில் குறை பெரும்பாலும் ஒரு துறைக்கும் மற்றொரு துறைக்கும் இடையிலுள்ள சந்துகளில் ஒளிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துறையினரும் தத்தம் அறையை விளக்கேற்றிப் பார்க்கின்றனர். தாழ்வாரம் இருண்டு கிடக்கிறது. பல துறை மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்துவது அத்தாழ்வாரத்தில் ஒரு விளக்கை வைப்பதாகும்.

எங்ஙனம் கற்பிப்பது என்று கேட்பீர்கள். நான் கையாளும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பல துறைகளைச் சேர்ந்த ஐவரை ஒரு குழுவாக்கி, அவர்கள் கையில் ஒரு பொருளைக் கொடுப்பேன். பெரும்பாலும் அது கடையில் வாங்கிய எளிய கேமராவாகவே இருக்கும். பருவம் முழுவதும் அப்பொருளின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் எழுத வேண்டும். நான்கு வினாக்களுக்கு ஐவரும் விடை கூறியாக வேண்டும். இப்பொருள் யாரோடு பேசுகிறது? என்ன பேசுகிறது? யார் சொல்வதைக் கேட்டு நடக்கிறது? இதில் குறை கண்டால் யார், எத்தனை ஆண்டு வரை திருத்தித் தருவர்? இந்நான்கிற்கும் விடை காண நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை. விடாது கேட்கத் தெரிந்தால் போதும்.

பொறியியல் மாணவர் கேமராவிலிருந்து புறப்படும் செய்தி எந்நாட்டுச் சர்வருக்குச் செல்கிறது என்று கண்டு கூறுவார். வணிக மாணவர், இவ்வளவு குறைந்த விலைக்கு விற்பவர் எதில் ஆதாயம் காண்கிறார் என்று ஆராய்வார். சட்ட மாணவர் கேட்கும் வினா நம்மைச் சற்றுச் சுடும். ‘அவ்வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையார்க்குக் கூடத்தில் கேமரா இருப்பது தெரியுமா? தெரிந்தால், பேசுவதும் பதிவாகும் என்பது தெரியுமா?’ 2023-இல் இயற்றப்பட்ட நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் இல்லத் தேவைக்காகச் செய்வதைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. ஆகவே அவ்வினாவிற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. நம் மனத்தில்தான் இருத்தல் வேண்டும்.

சமூகவியல் மாணவர் வேறொன்றைக் காண்பார். 2018-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. வீட்டுக் கதவு, குளிர்சாதனம், கேமரா ஆகியவற்றின் ஆட்சியைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, மனைவியைத் தொலைவிலிருந்தே அச்சுறுத்தும் கணவரைப் பற்றியது அது. அங்கே தாக்குபவரும் உரிமையாளரே. கடவுச்சொல் அவரிடம் முறைப்படியே இருக்கிறது. எத்துணை வலிய பூட்டாயினும் சாவி வைத்திருப்பவரை என் செய்யும்? வீடு என்பது ஒருவர் ஆளும் நாடு அன்று, பலர் வாழும் இடம் என்பதை அறிந்தவரே அக்கருவியைச் செம்மையாக வடிவமைக்க இயலும்.

பொருளின் முடிவையும் கேட்பேன். பழைய கேமராவைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போடுகிறோம். அதன் நினைவில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அப்படியே இருக்கக்கூடும் என்பதை எண்ணுவோர் சிலரே.

பருவ இறுதியில் ஒவ்வொரு குழுவும் தான் கண்டதை, தாய்மொழியில் ஒரே பக்கத்தில், வீட்டிலுள்ள பாட்டிக்குப் புரியுமாறு எழுத வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் தமிழிலும் எழுதித் தருகின்றனர். நெடிய அறிக்கைகளை எளிதில் எழுதும் மாணவர், இந்த ஒரு பக்கத்தில் திணறுவர். ‘உங்கள் இசைவைத் தெரிவிக்கவும்’ என்று செயலி கேட்கும்போது பாட்டி எதற்கு இசைகிறார் என்பதை விளக்க முயலும்போதுதான், தமக்கே அது விளங்கவில்லை என்பதை உணர்வர். இலக்கிய மாணவரின் துணை அங்கே தேவைப்படுகிறது. மக்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே ஆகும்.

இப்பாடத்திற்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் மறைக்காமல் கூறுதல் கடமை. ‘எல்லோர்க்கும் கற்பித்தால் எவர்க்கும் ஆழம் இராது’ என்பர் சிலர். ஆழம் வேண்டுவோர்க்கு ஆழ்ந்த பாடங்கள் உள்ளன. அவை இருக்கவும் வேண்டும். முதலுதவி எல்லோரும் கற்பதால் மருத்துவர் வேண்டா என்று ஆகிவிடுவதில்லை. மருத்துவர் வரும் வரை உயிர் நிற்கிறது. ‘பூட்டைப் பற்றிக் கற்பித்தால் திருடரைப் பெருக்குவதாகும்’ என்பர் வேறு சிலர். இது எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. மிராயை இயற்றியவரை எண்ணும்போது எனக்கும் அவ்வச்சம் உண்டு. ஆகவேதான் முதல் நாளே ஒரு விதி கூறுவேன். ஆய்வு நமக்குச் சொந்தமான பொருளில், வெளி இணைப்பு அற்ற நம் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே நடைபெறும். அயலார் பொருள் திறந்தே கிடந்தாலும் தொடுதல் கூடாது. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, இசைவின்றிப் பிறர் கணினிக்குள் தீய நோக்கோடு புகுவோர்க்கு 3 ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் சட்டத்தின் அச்சத்தைவிட, அருகில் அமர்ந்திருக்கும் செவிலியர் மாணவியின் வினா மாணவர் உள்ளத்தைப் பெரிதும் பண்படுத்துகிறது. தான் எழுதும் நிரலின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பிற துறையினரோடு பழகாத மாணவர் எங்கே கற்பார்?

காலம் நமக்குத் துணையாக மாறி வருகிறது என்பதையும் மகிழ்ச்சியோடு கூறவேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2018-இல் இயற்றி 2020 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அத்தகைய கடவுச்சொல் தடை செய்யப்பட்டிருப்பதோடு, எத்தனை காலம் திருத்தம் தருவோம் என்பதையும் விற்போர் வெளிப்படையாகக் கூற வேண்டும். நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வீட்டுக் கருவிகளுக்கு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2024-இல் அறிவிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 அக்டோபரில் இணையப் பாதுகாப்பிற்கான பாடத்திட்டத்தை இளநிலை, முதுநிலை மாணவர்க்கென வெளியிட்டது. வாயில் திறந்திருக்கிறது, உள்ளே அழைத்துச் செல்ல ஆசிரியர் வேண்டும், நுழைய மாணவர் வேண்டும்.

இனி, பெற்றோர்களாகிய உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன்.

உங்கள் பிள்ளை வணிகமோ, சட்டமோ, தமிழோ எதைப் பயின்றாலும், இத்தகைய விருப்பப்பாடம் கல்லூரியில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ‘அது கணினிப் பிள்ளைகளுக்கு உரியது, மதிப்பெண் குறையும்’ என்று தடுக்காதீர்கள். கணினி பயிலும் பிள்ளையானால், பிற துறை மாணவரோடு அமர்ந்து கற்கும் வகுப்பைத் தேடச் சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள பேசும் பொருள்கள் எத்தனை என்று இவ்வாரமே எண்ணிப் பாருங்கள். ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கள். திருத்திய மென்பொருளை ஏற்றுங்கள். தேவையற்றதை இணைப்பிலிருந்து நீக்குங்கள். கேமரா வைத்திருப்பின், அதன் எல்லைக்குள் வாழ்வோரும் வேலை செய்வோரும் அதனை அறிந்திருக்கச் செய்யுங்கள். அடுத்து ஒரு பொருள் வாங்கும்போது, நான் கூறிய நான்கு வினாக்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாமற் போகலாம். பலர் கேட்கத் தொடங்கினால் அவர் தெரிந்துகொள்வார்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், மூத்த மாணவர் எழுதும் அந்த ஒரு பக்கக் கட்டுரைகளைப் படிக்கவும் திருத்தவும் இடம் கொடுங்கள். புதிய அறிவு தாய்மொழியில் புழங்கினால்தான் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே காவல் அறுபடாது.

திருவள்ளுவர் ‘அரண்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதன் முடிவில் அவர் உணர்த்தும் கருத்து, கோட்டை எவ்வளவு சிறந்ததாயினும் செயல்திறன் இல்லாதவரிடத்தில் அது பயன்படாது என்பது. மதிலும் அகழியும் இன்று உருமாறியிருக்கலாம். மதிலைக் கட்டத் தெரிந்தவரோடு, மதிலுக்குள் வாழ்வோர் யாவர் என்பதை அறிந்தவரும் சேர்ந்து காத்தால்தான் அரண் நிற்கும். அத்தகையோரை உருவாக்கும் பணியில் பல்கலைக்கழகத்திற்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு உங்கள் இல்லங்களுக்கும் உண்டு.